கடைசியாகக் கை வைத்தது யார்

சுகு,

இந்தக் கவரைப் பார்த்ததும் உனக்கு முதலில் சந்தேகம்தான் வந்திருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதுமே, அம்மா எதற்கு மெனக்கெட்டுத் தாளில் எழுதுகிறாள், அதுவும் கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் என்று. சந்தேகப்படு. மூக்கும் காதுமடலும் வந்த மாதிரி அதுவும் உனக்கு என்னிடமிருந்து வந்ததுதான். பதினோரு நாளாக நீ யார் போனையும் எடுக்கவில்லை, என் போனையும்தான். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவாய். தாளைக் கிழித்துப் போட்டால்கூட மனம் மாறினால் பொறுக்கி ஒட்டிப் படிக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கார் டேஷ்போர்டுக்குப் பின்னால் அகப்பட்டதே ஒரு கறுப்புப் பெட்டி, கார் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று யாருடைய போனுக்கோ சொல்லிக்கொண்டிருந்த டிராக்கர், அதை லோகாவின் அண்ணன் முரளி வைக்கவில்லை. லோகா வீட்டில் யாருமே வைக்கவில்லை. நான் வைத்தேன். உன்னைப் பெற்ற நான், உன் காரில், என் கையால் வைத்தேன்.

இப்போது நீ எழுந்து நின்றிருப்பாய். உட்கார். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. நீ அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் காஜாங்கில் முரளியின் கார் சாமான் கடைக்குப் போய், அவன் வேலையாட்கள் முன்னால் அவன் காலடியில் எறிந்தாய். “தங்கச்சியக் குடுக்கிறதுக்கு முன்னால மாப்பிள்ளைய உளவு பாக்கிறியா?” என்று கேட்டாயாம். லோகாவுக்கு அப்பா இல்லை. அப்பா இடத்தில் நிற்பவன் அந்த அண்ணன்தான். தாலி கட்டிய பிறகு அவள் கையில் பொரி போட வேண்டியவனும் அவன்தான். அவனை நீ கல்யாணத்துக்கு வரக்கூடாது என்று சொல்ல, அவன் இல்லாமல் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அவள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள, நீ யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் போர்ட் கிள்ளானில் கூட்டாளி வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாய். இத்தனைக்கும் காரணமான நான் கிள்ளானில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் காரிலெல்லாம் ஏர்கோன் குளிர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்கிறேன். நான் எப்படிப்பட்டவள் என்று சொல்லாமல் ஏன் செய்தேன் என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் நான் சுங்கைவேயில் ஒரு தொழிற்சாலையில் சால்டரிங் செய்துகொண்டிருந்தேன். உன் அப்பா கடை போட்டபோது கம்ப்ரஸர், குழாய், கேஸ் எல்லாம் அவர் பக்கம். வயரிங் முழுக்க என் பக்கம். வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, “வயர்மேன் எங்கக்கா?” என்பார்கள். “நான்தான் அண்ணே, பொனட்டத் தொறங்க” என்பேன். நம்பாமல்தான் திறப்பார்கள். நானும் அவர்களை நம்பமாட்டேன். அங்கே கணக்கு சரியாகிவிடும்.

ஏர்கோன் வேலையில் நம்பிக்கைக்கு இடமே இல்லை, சுகு. “குளிரல, கேஸ் போடுங்க” என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நம்பாதே. சுவிட்சைப் போட்டு எஞ்சின் பக்கம் காதை வை. கம்ப்ரஸரின் மேக்னெட் டக்கென்று இழுக்கிற சத்தம் வருகிறதா? வரவில்லை என்றால் கேஸ் ஒருபக்கம் இருக்கட்டும், கரண்ட் வருகிறதா என்று பார். ஃபியூஸ் போயிருக்கிறதா? புது ஃபியூஸ் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று கையைத் துடைக்காதே. ஃபியூஸ் தானாக ஏன் போகப்போகிறது, யாரோ அதைப் போக வைத்திருக்கிறார்கள். ரிலேயை மாற்று, எர்த் எங்கே பிடித்திருக்கிறது என்று சுரண்டிப் பார். எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கடைசியாகக் கை வைத்தது யார்? புது ரேடியோ போட்டவனா, அலாரம் வைத்தவனா, பம்பருக்குப் பெயிண்ட் அடித்த கடையா? பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும். யாரும் கை வைக்கவில்லை என்று ஒரு பள்ளி வேன் அங்கிள் பிள்ளைகள் மேல் ஆணையாகச் சொன்னார். சீட்டுக்கு அடியில் அவர் மச்சினன் விசிறிக்காக இழுத்திருந்த வயரை உருவி அவர் கையிலேயே கொடுத்தேன். இப்படிப் பல தடவை என் சந்தேகம் சரியாகப் போனதுதான் எனக்குக் கேடாக வந்தது.

உன் அப்பாவிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். அப்போது நீ போலிடெக்னிக்கில் விடுதியில் இருந்தாய், இது உனக்கு முழுதாகத் தெரியாது. செவ்வாய்க்கிழமை தோறும் பார்ட்ஸ் வாங்கப் போகிறேன் என்று வேனை எடுத்துக்கொண்டு போவார், பார்ட்ஸ் இல்லாமல் திரும்பி வருவார். சட்டையில் வேறு ஏதோ வாசனை. எனக்குப் புத்தி எங்கே போகும் சொல். யார் அவ, எந்த ஊர்க்காரி என்று ஆரம்பித்தேன். “ஒண்ணுமில்ல மா” என்பார். அந்த ஒண்ணுமில்லைதான் எனக்கு எரிச்சல். எட்டு மாதம் அவரைத் தாளித்து எடுத்தேன். அவர் பாட்டுக்குச் செவ்வாய்க்கிழமை ஆனால் வேனை எடுத்துக்கொண்டு போனார். பிறகு ஒருநாள் வேனில் வெயில் மறைக்கிற பலகையை இறக்கினேன், மடியில் ஆஸ்பத்திரி அட்டை விழுந்தது. எல்லாத் தேதியும் செவ்வாய்க்கிழமை. அந்த வாசனை மருந்து வாசனை. அடுத்த இரண்டு மாதத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். உடம்புக்கு என்ன என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, சுகு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

புத்தியுள்ளவள் அதிலிருந்து என்ன கற்றிருக்க வேண்டும்? ஒழுங்காகக் கேட்டிருக்க வேண்டும் என்று. நான் கற்றுக்கொண்டதோ, இன்னும் சீக்கிரமாகத் தோண்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று. அதற்குப் பிறகு இந்த வீட்டில் யார் ஒண்ணுமில்லை என்று சொன்னாலும் நான் தோண்ட ஆரம்பித்துவிடுவேன். வீட்டில் மிச்சம் இருந்தது நீ ஒருவன்தான். எல்லாச் சந்தேகமும் உன் தலையில் விழுந்தது.

நீ ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் என்று கிளம்ப ஆரம்பித்தாய். நீ வேலை செய்கிற கோடவுனில் ஞாயிறு ஓவர்டைம் உண்டுதான், ஆனால் நீ யூனிஃபார்ம் போடாமல் போனாய். திரும்பி வந்தால் நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ இருந்தது. “எங்கய்யா போன?” என்றால், “வேலைக்குத்தான் மா, ஒண்ணுமில்ல” என்றாய். அந்தச் சொல்லை நீயும் சொன்னாய். நோயா, கெட்ட சகவாசமா, லோகாவைத் தவிர இன்னொருத்தியா என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு சமைத்தேன். கடைசியில் ஒரு டிராக்கர் வாங்கினேன்.

நீ குளிக்கப் போனதும் மாட்டினேன். கால்மணி நேரம். போலீஸ் சம்மன் காகிதமெல்லாம் திணித்து வைப்பாயே, முன்னால் உள்ள அந்த க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் ஏர்கோன் ரிலேக்குப் போகிற வயர் இருக்கிறது. அதிலிருந்து கரண்ட் எடுத்தேன். ஒழுங்காக வயரைச் சீவி சால்டர் வைத்திருக்கலாம். ஆனால் ஈயம் உருகின வாசனை காருக்குள் நிற்கும், நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால் வயரின் மேல் வைத்து நசுக்குகிற ஒரு கிளிப்பைப் போட்டேன். நம் கடையில் அந்தக் கிளிப்பை யாராவது கையில் எடுத்தால் நான் எப்படிக் கத்துவேன் என்று உனக்குத் தெரியும். அது வயரைக் கடிக்கும், உள்ளே இருக்கிற செம்பு இழைகளை ஒவ்வொன்றாக அறுக்கும். தெரிந்தேதான் போட்டேன். திருட்டு வேலையில் தரம் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு என் போனில் உன் கார் ஒரு புள்ளியாக நகர்ந்து டெங்கிலில் போய் நின்றது. அதற்கடுத்த ஞாயிறும் அங்கேயேதான் நின்றது. மூன்றாவது ஞாயிறு வேனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். ஒரு வரிசை வீடு, கதவு திறந்து கிடந்தது. ஏணி மேல் நீ நின்று வெள்ளையடித்துக்கொண்டிருந்தாய். கீழே லோகா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏணி ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் முரளி. அவன் ஏதோ சொல்ல மூன்று பேரும் சிரித்தீர்கள். அவள் வேலை புத்ராஜெயாவில், அதனால் பக்கத்தில் டெங்கிலில் வீடு பார்த்திருக்கிறீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு நீ என்னோடு இருக்கப் போவதில்லை, அதைச் சொல்ல உனக்குப் பயம். அவ்வளவுதான் விஷயம். தெருமுனையில் வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன். நீ போவதற்காக மட்டும் அழவில்லை. நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

இதுவரைக்கும் நான் செய்ததைக்கூட நீ மன்னிக்கலாம். இதற்கு மேல் சொல்லப்போவதைக் கவனமாகப் படி. உண்மை தெரிந்த பிறகும் நான் அந்தப் பெட்டியை எடுக்கவில்லை. எடுக்க எத்தனையோ தடவை வாய்த்தது. புள்ளி கோடவுனுக்குப் போகும், பிரிக்பீல்ட்ஸ் போகும், சாயந்திரம் நம் வீடு இருக்கிற தாமானுக்குள் திரும்பும். திரும்பினால்தான் நான் உலை வைப்பேன். அது எனக்குப் பழகிவிட்டது. சந்தேகம் தீர்ந்த பிறகும் கண்காணிக்கிறவளுக்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு உன் ஏர்கோன் கோளாறு பண்ண ஆரம்பித்தது. காலையில் நன்றாகக் குளிரும், மத்தியானம் ஜாமில் நின்றால் சூட்டுக் காற்று. என்னிடம் மூன்று முறை கொண்டுவந்தாய். முதல் முறை கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கிளிப் கடித்த இடத்தில் நாலைந்து இழைதான் மிச்சம். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று எரியும், ஏனென்றால் அந்தச் சின்ன பல்புக்கு அந்த நாலு இழை போதும். மேக்னெட் இழுக்க அதைவிட நிறைய கரண்ட் வேண்டும். இடம் சூடேறினால் அந்தக் கரண்ட் போய்ச் சேராது. விளக்கு எரிகிறதே என்று வயரை விட்டுவிட்டுக் கம்ப்ரஸரைக் கழற்றுகிறவர்களைப் பார்த்து நான் எத்தனை முறை சிரித்திருக்கிறேன். நீ பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாய், க்ளவ் பாக்ஸைக் கழற்ற முடியுமா? விளக்கைக் காட்டி, “கரண்ட் நல்லாத்தான் வருது, கேஸ் கொறைஞ்சிருக்கும்” என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் தெரிந்தே நான் செய்த முதல் பொய் வேலை அது, அதுவும் என் மகனிடம்.

கடைசியில் பெடரல் ஹைவே ஜாமில் ஏர்கோன் சுத்தமாக நின்று, லோகாவுக்கு மயக்கம் வந்து, நீ காரை வழியில் இருந்த ஏதோ ஒரு ஏர்கோன் கடையில் விட, அவர்கள் பெட்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். நீ அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்தாய். “யாரு மா இதச் செஞ்சிருப்பா?” என்று கேட்டாய். உன் முகத்தில் துளிச் சந்தேகம் இல்லை. உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டாய், எதிரில் நின்றவளை விட்டுவிட்டாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

“கடைசியா யார் கை வச்சா?” என்றேன்.

முந்தின மாதம்தான் முரளி உனக்கு ரிவர்ஸ் கேமரா போட்டுக் கொடுத்திருந்தான், கல்யாணப் பரிசு என்று. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். நான் அவன் பேரைச் சொல்லவில்லை என்று பதினோரு நாளாக என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். பேரைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. நீ சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய், நான் தட்டைக் கழுவப் போனேன்.

நேற்று கடையைச் சாத்திவிட்டு கொம்யூட்டர் ரயில் ஏறிக் காஜாங் போனேன். உன் பின்னால் வந்த அந்த வேனை எடுக்க மனசு வரவில்லை. நீ அவனை எந்த வேலையாட்கள் முன்னால் அவமானப்படுத்தினாயோ அவர்கள் முன்னாலேயே சொன்னேன். “முரளி, அந்தப் பெட்டிய வச்சது நான்தான். நீ இல்லன்னு எல்லாரும் தெரிஞ்சிக்கணும்” என்றேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, “உக்காருங்க ஆன்டி, மொதல்ல தண்ணி குடிங்க” என்றான். பிறகு மெதுவாக, “எனக்குத் தெரியும்” என்றான்.

எனக்குப் புரியவில்லை. கேமரா வயரை இழுக்க அவனும் அந்த க்ளவ் பாக்ஸைத்தான் கழற்றியிருக்கிறான். “அப்பவே பாத்துட்டேன் ஆன்டி. அம்மாவத் தவிர என் கார் வயர்ல யாரும் கை வச்சதில்லன்னு சுகு பெருமையா சொல்லிருக்கான். நீங்க மாட்டுனது, ஏதோ காரணம் இருக்கும்னு மூடிட்டேன். கிளிப்ப மட்டும் மாத்திரலாமான்னு பாத்தேன், உங்க வேலைல நான் கை வைக்கிறது மரியாதையில்லன்னு விட்டுட்டேன். அதான் தப்பாப் போச்சு லா.”

“அவன் வந்து உன் காலடியில எறிஞ்சப்பவாவது சொல்லியிருக்கலாமே, ஐயா. ஏன் வாங்கிக்கிட்ட?”

அவன் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னான். “என் மேல கோவம்னா அவன் உங்க வீட்டுக்குத் திரும்பி வரலாம், ஆன்டி. உங்க மேல கோவம்னா அவன் எங்க போவான்? அவனுக்கும் அப்பா இல்ல.”

என் புத்தி உனக்குத் தெரியுமே. திரும்பி வரும்போது ரயிலில் அந்தப் பேச்சையும் சோதித்துப் பார்த்தேன். என்னைக் கூசிப்போக வைக்கச் சொன்னானா, நல்ல பேர் வாங்கச் சொன்னானா, தங்கச்சி கல்யாணம் நடந்தால் போதும் என்று சொன்னானா என்று கிள்ளான் வரும்வரை குடைந்தேன். ஒரு கோளாறும் அகப்படவில்லை. என் வயசுக்கு அது எனக்குப் புதுசு. ஒரு மனிதன் நல்லவனாக இருக்கிறான் என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு மணி நேர ரயில் பயணம் தேவைப்பட்டது.

லோகாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, “சரி ஆன்டி” என்று வைத்துவிட்டாள். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் கூடாது. மேடையில் என்னை எங்கே உட்கார வைப்பது, டெங்கில் வீட்டுக்கு நான் எப்போது வரலாம், வரலாமா கூடாதா என்பதையெல்லாம் அவள் முடிவு செய்யட்டும். நான் அந்தத் தெருப்பக்கம் இனிக் கூப்பிடாமல் வரமாட்டேன். என் போனில் இருந்த அந்தப் புள்ளியையும் அழித்துவிட்டேன். நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று கூட்டாளியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாலு பேர் கேட்பதைப் போலக் கேட்டேன்.

உனக்கு ஒன்றே ஒன்று சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறது, ஏனென்றால் நான் அதில் தோற்றவள். அவள் என்றைக்காவது முகம் வாடி ஒண்ணுமில்லை என்று சொன்னால் அவள் கைப்பையைத் தோண்டாதே, போனைத் திருப்பிப் பார்க்காதே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது முறை கேள். மூன்றாவது முறையும் கேள். உன் அப்பாவிடம் நான் கேட்டிருந்தால் அந்த எட்டு மாதமும் ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருக்கமாட்டார்.

என் மேல் கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் படு, அது நியாயம், நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கூட்டாளி கையில் கொடுத்தது கூரியர்காரன் இல்லை. முரளிதான். நான் எழுதப்போகிறேன் என்றதும், நீ முகம் கொடுக்க மாட்டாய் என்று தெரிந்தும், நாளை மத்தியானம் நானே கொண்டுபோகிறேன் என்று அவனாகவே சொன்னான். நீ படித்து முடிக்கும்வரை அந்த வீட்டு வாசலிலேயே நிற்கிறேன் என்றான். மத்தியான வெயில், சுகு. போய்க் கதவைத் திற.

அம்மா